வரிசையில் நின்ற செருப்பு

அப்பாவின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் கவனித்தாள். பாதம் முழுக்கப் புழுதி.

"செருப்பு எங்கம்மா?"

"வரிசையில" என்றாள் அம்மா.

மானிய உர லாரி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று நாளாக டிப்போக்காரன் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். வெயிலில் யார் நிற்பது? ஆளுக்கொரு ஜோடி செருப்பை வரிசையில் விட்டுவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேதான் நேற்றுச் சாயங்காலம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பின்வாசல் வழியாக வாங்கித் தருவதாகத் தரகர் சொன்னபோது, "எனக்கு முன்னாடி இருபது பேரு நிக்கிறான், அவனெல்லாம் கேனையனா?" என்று கேட்ட மனுஷன்.

இன்று காலை லாரி வந்துவிட்டது.

"நீ போய் வாங்கிட்டு வா. அப்பாவ எடுக்கறதுக்குள்ள வந்துடு" என்றாள் அம்மா.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "எங்கண்ணன் இங்க கெடக்கறப்போ உர மூட்டை கேக்குதா உங்களுக்கு?"

"பயிர் மஞ்சளா நிக்குது. இந்த வாரம் போடலேன்னா வெறும் வைக்கோல்தான். அவரே எந்திரிச்சாலும் அதத்தான் கேப்பாரு."

செருப்பை எவனாவது ஓரமாக எத்தித் தள்ளியிருப்பான் என்று பொருமிக்கொண்டே போனாள் மகள். அது கவுன்டருக்கு நேர் முன்னால் இருந்தது. சாக்கு நூலால் வார் தைத்த அதே செருப்பு. வரிசை நகர நகர, பின்னால் நின்றவர் தன் செருப்போடு அதையும் நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்.

எழுத்தர் அவள் நீட்டிய அப்பாவின் மானிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அட்டைக்காரர் நேர்ல வரணும்மா."

அவள் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மூணு நாளா நேர்லதான இருந்தாரு?" என்றார் பின்னால் நின்றவர். "நேத்து நாங்கதான் தூக்கி வண்டியில ஏத்துனோம். அந்தா, பின்வாசல்ல டிராக்டர்ல ஏறுதே, அந்த மூட்டைக்கெல்லாம் எந்த அட்டைக்காரர் வந்தாரு? கூப்பிடுங்க, நாங்களும் பாக்கறோம்."

"கூப்பிடுங்க சார்!" என்று வரிசை மொத்தமும் கத்தியது.

எழுத்தர் டிராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரசீதைக் கிழித்தார். எல்லாருக்கும் போல இரண்டு மூட்டை.

வீட்டில் தூக்குவதற்குத் தயாராக நின்றிருந்தார்கள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, வண்டியிலிருந்து மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அப்பாவின் காதருகே சொன்னாள்.

"கெடச்சிடுச்சுங்க. வரிசையிலதான் வாங்கியிருக்கா."

மகள் செருப்பை வாசலோரம், அவர் எப்போதும் கழற்றிவிடும் இடத்தில் வைத்தாள்.