எங்கள் மகள் சத்தமே போடுவதில்லை

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அந்த மாண்டிசோரி பள்ளியின் கேட்டுக்கு முன்னால் ஒரு ரொட்டி வேன் வந்து நிற்கும். முன்னால் இரண்டு சீட்டு, நடுவில் ஒரு நீளச் சீட்டு, பின்னால் முழுக்க ரொட்டித் தட்டு. நடுச் சீட்டுக்கு இழுத்துச் சாத்துகிற கதவு. அது முரண்டு பிடிக்கிற கதவு. ஓங்கி இழுத்தால்தான் பூட்டும்.

வேன்காரர் இறங்கி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே காது கொடுப்பார். உள்ளே முப்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வரும்.

“எப்படித்தான் வெச்சிருக்காங்களோ” என்பார் பக்கத்தில் நிற்கிறவரிடம்.

“அதானே. நம்ம வீட்ல ஒண்ண வெச்சுக்கிட்டு நாம படுற பாடு” என்பார் அவர்.

முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால் ஏன் என்று கேட்கத் தோன்ற வேண்டும். அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. பாதிப் பேர் பிள்ளையைச் சேர்த்ததே அதற்காகத்தான்.

வேன்காரருக்கு ஒரே மகள், நாலு வயது. வீட்டில் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். கண் முழித்தால் வாய் திறக்கும், கண் மூடினால்தான் மூடும். குழாயோடு பேசுவாள், செருப்போடு பேசுவாள், பேச ஆள் இல்லாவிட்டால் சுவரைத் திட்டுவாள். குடியிருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா. மேலே பிள்ளை ஓடினால் துடைப்பக் கட்டையால் கீழிருந்து மூன்று இடி இடிப்பார். வேன்காரர் மனைவிக்குத் தையல் தொழில். மிஷினுக்கு அடியில் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டுத்தான் தைப்பாள். அப்படியும் ஒரு நாள் வீட்டுக்காரம்மா படியேறி வந்துவிட்டார்.

“மிஷினுக்குப் போர்வை போடத் தெரியுது. பிள்ளை வாய்க்கு ஒண்ணு போடத் தெரியலயா? முடியலன்னா வேற வீடு பாருங்க.”

அந்த வாரமே பள்ளிக்கூடம் தேடினார்கள்.

மாண்டிசோரி நல்ல முறை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பலகையில் அந்தப் பேரை எழுத ஒரு பெயிண்டர் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் பெயிண்டருக்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பள்ளியை நடத்தியவர் பெரிய மிஸ். குரலை உயர்த்தவே மாட்டார். படித்தவர்கள் மெதுவாகப் பேசினால் நாம் உடனே நம்பிவிடுகிறோம்.

“நாங்க அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம் சார். குழந்தை தானா அடங்கிடும்.”

தானாக அடங்கும் என்ற சொல் வேன்காரருக்குப் பிடித்துப்போனது.

மூன்று மாதம் கழித்துப் பெற்றோர்களை வகுப்பு பார்க்க அழைத்தார்கள். சுவரோரம் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னப் பாயை விரித்து, பாய்க்கு வெளியே கால் விரல்கூடப் போகாமல் உட்கார்ந்து, ஒரு ஜாடியிலிருந்து இன்னொரு ஜாடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு பெரிய மிஸ் ஒரு சின்ன மணியை அடித்தார். முப்பத்திரண்டு பேரும் சிலையானார்கள். அவர் வாசலுக்கு வெளியே போய் நின்று, மூச்சு விடுகிற மாதிரி ஒவ்வொரு பேராகச் சொன்னார். பேர் வந்த பிள்ளை மட்டும் எழுந்து பூனை போல நடந்து வெளியே போனது. மௌன விளையாட்டு என்றார்கள்.

ரேடியோ பேர் இருபத்தேழாவதாக வந்தது. அதுவரை அவள் இமையைக்கூட மெதுவாகத்தான் மூடித் திறந்தாள்.

“நம்ம பிள்ளையாங்க இது?” என்று மனைவி காதில் கேட்டாள். வேன்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது, பெருமையில். விளையாட்டு என்றால் ஒரு பிள்ளையாவது சிரித்திருக்க வேண்டும். அதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. பிள்ளை ஓடுவதில்லை. கீழேயிருந்து இடி வருவதில்லை. படியில் பார்த்த வீட்டுக்காரம்மா முதல் முறையாகச் சிரித்து, “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்றார். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் பிள்ளை வராது. பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். ஒரு சாயங்காலம் பாயிலேயே உட்கார்ந்து துணியை நனைத்துவிட்டிருந்தாள். பாத்ரூம் பத்தடி தூரம்.

“வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல? எனக்கு என்னமோ சரியாப் படல” என்றாள் மனைவி.

“ஆறு மாசம் முந்தி கத்துறான்னு அழுத. இப்பக் கத்தலன்னு அழற. உனக்கு என்னதான் வேணும்?”

அவள் எழுந்து தைக்கப் போய்விட்டாள்.

பள்ளியில் ஒரு ஆயா. பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுகிறவர், பாய்களைச் சுருட்டிப் பின்னாலிருக்கிற அறையில் அடுக்குகிறவர். ஒரு நாள் கேட்டில் பிள்ளையை ஒப்படைக்கும்போது, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“தம்பி, வீட்லயாவது பாப்பாவ நல்லா கத்த விடுங்க.”

“ஏன் ஆயாம்மா, உங்களுக்கு வேலை கொறஞ்சு போச்சா?” என்று சிரித்தார் வேன்காரர். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரிய மிஸ் சொன்னால் வேதவாக்கு. ஆயா சொன்னால் வேலைக் களைப்பு. நம் புத்தி அப்படித்தான் பழகியிருக்கிறது.

வருடக் கடைசியில் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. பெற்றோர் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம், சுவரில் மாட்டுவார்களாம். மனைவிதான் எழுதினாள், அவளுக்குக் கையெழுத்து அழகு. என்ன எழுத என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளத எழுது. சத்தமே போடுறதில்லன்னு எழுது” என்றார் வேன்காரர்.

அவளும் எழுதினாள். ‘முன்பெல்லாம் எங்கள் மகளால் வீட்டில் ஒரே இரைச்சல். இப்போது எங்கள் மகள் சத்தமே போடுவதில்லை. பள்ளிக்கு எங்கள் நன்றி.’ அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸ் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினார்கள். பிள்ளை சேர்க்க வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படித்தார்கள்.

அதற்குப் பின் மூன்றாவது வாரம். வழக்கம்போல வேன் வந்தது. பிள்ளையை நடுச் சீட்டில் ஏற்றினார். அன்று லோடு தாமதம். பேக்கரி முதலாளி இரண்டு முறை போன் அடித்துவிட்டார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, “வந்துட்டேன் முதலாளி” என்றபடியே கதவை ஓங்கி இழுத்தார். பூட்டவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தார், பூட்டியது. முதல் இழுப்பில் பூட்டுகிற கதவு அல்ல அது. வழக்கமான முரண்டுதான் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு ஓரத்தைப் பிடித்திருந்த பிள்ளையின் வலது கை விரல் இரண்டு உள்ளே மாட்டிக்கொண்டன.

இருபது நிமிடம் ஓட்டினார். நடுவில் ஒரு கடையில் நிறுத்தி, இறங்கி, பின்கதவைத் திறந்து எட்டுத் தட்டு இறக்கினார். தட்டுகளுக்கு மேலாக மகளின் பின்தலை தெரிந்தது. ஆடாமல் அசையாமல் நேராக உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

“உங்க பொண்ணா? இருக்கிற இடமே தெரியலயே.”

“சமத்து” என்றார் வேன்காரர்.

வீட்டு வாசலில் வந்து அந்தக் கதவை இழுத்துத் திறந்தபோதுதான் மாட்டியிருந்த கை விடுபட்டு மடியில் சரிந்தது. கவுன் முழுக்க ரத்தம். பல்லால் கடித்துக் கீழ் உதடும் கிழிந்திருந்தது. கண் நேராக அவரைப் பார்த்தது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நடுவிரல் நுனியை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலுக்கு ஆறு தையல். கட்டுப் போட்ட நர்ஸ் இரண்டு முறை கேட்டார், பிள்ளைக்குப் பேச வராதா என்று. சாயங்காலம் தாய் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“ஏன்டா கண்ணு, கை மாட்டினப்ப அப்பான்னு கத்தியிருக்கலாம்ல?”

பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தது. பிறகு உதட்டை மட்டும் அசைத்தது.

“அப்பா என் பேரு சொல்லலயே.”

“பேரு சொன்னாத்தான் பேசணுமா?”

“கத்துனா பாய் ரூம். கதவச் சாத்திடுவாங்க. பேரு கடைசியாத்தான் வரும். இருட்டா இருக்கும்.”

“எத்தன தடவ போயிருக்க?”

விரல் விட்டு எண்ணப் பார்த்தது பிள்ளை. வலது கையில் கட்டு. இடது கையில் ஐந்தும் எண்ணி முடித்து, மறுபடி முதல் விரலுக்கு வந்தது. வேன்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாலாம் நாள் பள்ளிக்குப் போனார். கேட்டைத் திறந்தது ஆயா.

“அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் காதுல வாங்கல” என்றார்.

“நானும் ஒரு தடவதான் தம்பி சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு வாய மூடிக்கிட்டேன்.” அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “இங்க பிள்ளைங்க மட்டும்தான் வாய மூடிக்கிட்டு இருக்குன்னு நெனச்சீங்களா?”

ஆபீஸ் அறையில் பெரிய மிஸ் இருந்தார். புதிதாக ஒரு தம்பதி, சட்டம் போட்ட கடிதத்தின் முன்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் குழந்தை நாற்காலியை உதைத்துக்கொண்டு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

“கேள்விப்பட்டேன் சார், ரொம்ப வருத்தமா இருக்கு” என்றார் பெரிய மிஸ், அதே மெதுவான குரலில். “ஆனா அது பள்ளிக்கு வெளில நடந்தது. உங்க வேன்ல.”

“ஆமா மேடம். கதவச் சாத்துனது நான்தான். அதுக்கு உங்கள நான் ஏதும் சொல்லல. கத்த விடாமப் பண்ணது நீங்க. அதுக்கு நன்றின்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். பாய் ரூம் சாவி எங்க இருக்கு?”

“அது குழந்தைங்க அமைதியாகுறதுக்கான இடம் சார். நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.”

வேன்காரர் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். பின்பக்க அட்டையைப் பிரித்துக் கடிதத்தை உருவினார். கையிலிருந்த ரொட்டி பில் புத்தகத்தில் குத்தியிருந்த பேனாவை எடுத்து, மனைவியின் அழகான எழுத்துக்குக் கீழே தன் கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதினார். ரொட்டிக் கணக்கைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லாத கை, நேரம் பிடித்தது. பெரிய மிஸ், “சார், அது பள்ளிச் சொத்து” என்றார்.

“தெரியும். அதான் திருப்பி மாட்டுறேன்” என்று மாட்டினார்.

புது அம்மா குனிந்து படித்தாள். ‘இப்போது எங்கள் மகள் சத்தமே போடுவதில்லை’ என்பதற்கும் நன்றிக்கும் கீழே இருந்தது இது: ‘வேன் கதவுல கை மாட்டி விரல் போனப்பவும் போடல.’

அவள் இரண்டாம் முறை படித்தாள். பிறகு நாற்காலியை உதைத்துக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். புருஷன் மட்டும் நின்று, “அந்த ரூம் போக மத்ததெல்லாம் எப்படிங்க?” என்று வேன்காரரைக் கேட்டான். இப்படியும் ஆள் உண்டு. போன வாரம் வரை வேன்காரரே அப்படிப்பட்ட ஆள்தான்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாயிற்று. பாய் அறையைப் பற்றி எழுதி, அதிகாரிகளுக்கு மனுவும் கொடுத்தாயிற்று. வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கும்போது பார்க்கட்டும்.

வீட்டில் பிள்ளை கட்டுப் போட்ட கையோடு பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. “கத்து ரேடியோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றார் வேன்காரர். அது அவரைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. அவரே கத்திக் காட்டினார். குதித்தார். நாற்பது வயது ஆள், தொப்பை குலுங்கக் குதித்தார். மனைவி எழுந்து போய் மிஷினுக்கடியில் இருந்த போர்வையை உருவி எறிந்துவிட்டு, துணியே வைக்காமல் மிஷினைக் கடகடவென்று மிதித்தாள்.

கீழேயிருந்து மூன்று இடி வந்தது. பிள்ளை சட்டென்று காலை மடக்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மாவே படியேறி வந்தார்.

“என்ன, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளா?”

“அவ இல்லக்கா, நாங்க” என்றாள் மனைவி. மிஷினை நிறுத்தவில்லை. “அவளுக்கு மறந்து போச்சு, கத்துக் குடுக்கிறோம். வீட்டக் காலி பண்ணணும்னா சொல்லுங்க, பண்ணிடுறோம்.”

வீட்டுக்காரம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். மனைவியே சொன்னாள்.

“சத்தம் போடாத பிள்ளதான் நல்ல பிள்ளைன்னு என் கையாலயே எழுதிக் குடுத்தேன்க்கா. நல்ல பிள்ள இல்ல அது, பயந்த பிள்ள. பிள்ள வாய அடைச்சிட்டா வீடு அமைதியாத்தான் இருக்கும். அதுக்கு வலிக்கிறது மட்டும் பெத்தவங்களுக்குக்கூடக் கேக்காது.”