வாசல்காத்த இசபெல்

பிரீத்தாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே அந்த ஒரு கட்டுரைதான். கொள்ளைநோய் பிரான்ஸை ஊர் ஊராய்க் காலி செய்துகொண்டிருந்த 1349-ஆம் ஆண்டில், ஒரு சிறிய கன்னியர் மடத்தில் வாசல்காவல் பார்த்த இசபெல் என்ற சிஸ்டரைப் பற்றியது. யாருக்கும் திறக்கக் கூடாதென்று பூட்டியிருந்த கதவை அவள் ஓர் ஆணுக்குத் திறந்தாள். அவனோடு நோயும் உள்ளே வந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். ஆயர் அனுப்பிய விசாரணை அதிகாரி, யார் சொல்லித் திறந்தாய் என்று மூன்று முறை கேட்டும் இசபெல் பதில் சொல்லவில்லை. தனியறையில் அடைத்தார்கள், அங்கேயே நவம்பர் பதினான்காம் தேதி செத்துப்போனாள். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே புதைத்தார்கள்.

வந்தவன் அவளுடைய காதலன் என்று பிரீத்தா எழுதினாள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எழுதியது. படித்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் விசாரணைக் குறிப்பில் இடறுகிற ஒரு சொல் இருந்தது. வந்தவனின் குடும்பப் பெயரும் மடத்துத் தலைவி மார்கரித்தின் குடும்பப் பெயரும் ஒன்று. பிரீத்தா அன்றே அதைப் பார்த்தாள். அடிக்குறிப்பில் போட்டு, பிறகு அடிக்குறிப்பையும் எடுத்துவிட்டாள். அந்தச் சொல் இருந்தால் கதை நிற்காது.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து, ஓர் அக்டோபர் காலையில், வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி, நியூ ஜெர்சியின் வடக்கு மலைப்பக்கம் இருந்த ஒரு மடத்துக்குப் போனாள். அதே மடத்தின் வழித்தோன்றல். நூறு வருடங்களுக்கு முன்பு கடல் தாண்டி வந்தபோது, இறந்த சிஸ்டர்களின் பெயர்களை எழுதிய பழைய தோல் புத்தகத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் காலை ஜெபத்தில், அந்தத் தேதியில் இறந்தவர்களின் பெயரை இன்றும் வாசிக்கிறார்கள். நவம்பர் பதினான்குக்கு நேரே எதையோ எழுதிக் கத்தியால் சுரண்டிய தழும்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். தன் புத்தகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும் என்றுதான் வந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளை நிரந்தரமாக்கும் ‘டென்யூர்’ பற்றிய முடிவுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

கதவைத் திறந்தது சிஸ்டர் ஞானமணி. திண்டுக்கல்காரர், பிரீத்தாவின் வயதுதான் இருக்கும்.

“பிரீத்தா நீங்கதானா? உங்க ஆர்ட்டிகிளை நான்தான் வாசிச்சேன். எங்க மடத்துல சாப்பிடறப்ப யாரும் பேசக்கூடாது, ஒருத்தர் எதையாவது வாசிப்போம். அன்னிக்குப் பாதிப் பேர் சூப்பைத் தொடல.”

“என் மேல கோபமா, சிஸ்டர்?”

“கோபம் இல்ல, வெக்கம். இங்க வாசல் பாக்கிறது நான்தானே.”

நூலக அறையின் திரைகளை இழுத்து மூடி, பிரீத்தா தான் கொண்டுவந்த புற ஊதா விளக்கைப் போட்டாள். தோல் ஏடு நீலமாய் ஒளிர்ந்தது. சுரண்டிய இடத்திலிருந்து பழைய மை ஒவ்வோர் எழுத்தாய்க் கறுத்து எழுந்தது. ஒரு பெயர் மட்டும் இருக்கும் என்று நினைத்தாள். ஆறு வரிகள் இருந்தன. லத்தீனை மெல்லத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே போனாள்.

‘இசபெல், இந்த வீட்டின் வாசல்காத்தவள். கதவைத் திறக்கச் சொன்னது நான். வந்தவன் என் தம்பி. விசாரித்தபோது நான் பயந்து வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவளும் வாய் திறக்கவில்லை. அவளுக்காக ஜெபியுங்கள். மனம் வந்தால் எனக்காகவும். மார்கரித், தலைவி.’

மார்கரித் தான் சாகும் முன் எழுதியிருக்க வேண்டும். மடத்தின் மானம் போய்விடுமென்று பின்னால் வந்தவர்கள் சுரண்டியிருக்கிறார்கள்.

ஞானமணி சிலுவை போட்டுக்கொண்டார். “பாவம் அந்தப் பொண்ணு. இத்தனை வருஷமா யாருக்குமே தெரியாம போச்சே.”

பிரீத்தா விளக்கை அணைத்தாள். “எனக்குத் தெரியும் சிஸ்டர். முழுசா இல்ல. ஆனா சந்தேகப்படறதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. நான்தான் மறைச்சேன்.”

ஞானமணி திரைகளை விலக்கினார். “அடுத்த மாசம் பதினாலாம் தேதி வருது,” என்றார் பிறகு. “அன்னிக்கு வாசிக்கிற முறை என்னுது.”

வீட்டில் சைலஸிடம் சொன்னாள். அவள் கணவன், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை.

“சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல,” என்றான். “டென்யூர் லெட்டர் கைக்கு வரட்டும். அறுநூத்தி எழுபத்தஞ்சு வருஷம் வெயிட் பண்ணவங்க, ஆறு வாரம் வெயிட் பண்ண மாட்டாங்களா?”

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. நான்கு நாட்கள் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நாள், வகுப்புக்குப் போக பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றபோது மார்கரித்தின் நினைவு வந்தது. அவளும் இப்படித்தான் நினைத்திருப்பாள். விசாரணை முடியட்டும், நோய் அடங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். அதற்குள் தனியறையில் இருந்தவள் செத்துப்போனாள். ரயில் வந்து நின்று, கதவு திறந்து மூடி, போய்விட்டது. பிரீத்தா வீட்டுக்குத் திரும்பி, மேஜையில் உட்கார்ந்து, கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு ஒரு கடிதமும் பல்கலைக்கழகக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினாள்.

மாலையில் சைலஸ் இரண்டையும் படித்தான். வெகுநேரம் படித்தான்.

“‘பெர்ஹாப்ஸ்’னு ரெண்டு எடத்துல போட்டிருக்க.”

“ஆமா.”

“எடுத்துடு. சொல்றதுன்னு ஆயிடுச்சு, முழுசா சொல்லிடு.”

எடுத்துவிட்டு அனுப்பினாள். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. அவள் விஷயத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதைவிட மோசமானதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

ஆனால் மடத்தில் இசபெல்லின் பெயரை மீண்டும் வாசிக்கவைப்பது எளிதாக இல்லை. தலைவி மதர் அனஸ்டேசியா கறாரான பேர்வழி. “ஓர் ஆயரின் தீர்ப்பை ஒரு விளக்கை வைத்துக்கொண்டு மாற்றச் சொல்கிறாய்,” என்றார் ஆங்கிலத்தில். “நான் மட்டும் முடிவு செய்ய முடியாது. எல்லாரும் சேர்ந்து வாக்களிக்க வேண்டும். அவர்கள் முன்னால் நீயே வந்து சொல்.”

நவம்பர் பதின்மூன்றாம் தேதி, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த பதினெட்டு சிஸ்டர்களின் முன் பிரீத்தா நின்றாள். ஆறு வரிகளையும் வாசித்தாள். கட்டுரையைப் பற்றியும் சொன்னாள். “வாய் திறக்காததையே குற்றமாக எடுத்துக்கொண்டேன். விசாரணை அதிகாரி செய்த தவறையே நானும் செய்தேன். அவருக்காவது உண்மை தெரியாது. நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.”

அந்த மடத்தில் இன்றும் பழைய முறைப்படிதான் வாக்கு. ஆளுக்கு ஒரு வெள்ளை மொச்சை, ஒரு கறுப்பு மொச்சை. சம்மதம் என்றால் வெள்ளையைப் பெட்டியில் போட வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சக்கர நாற்காலியில் இருந்த தொண்ணூறு வயது சிஸ்டரை ஞானமணி தள்ளிக்கொண்டு போனார். மதர் அனஸ்டேசியா கடைசியாகப் போட்டுவிட்டு, பெட்டியை மேஜையில் கவிழ்த்தார்.

பதினேழு வெள்ளை. ஒரு கறுப்பு.

“போதும்,” என்றார். தடுமாறிய குரலைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொன்னார். “இது தாராளமாகப் போதும்.”

மறுநாள் காலை ஜெபக்கூடத்தில் பிரீத்தாவும் சைலஸும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. ஞானமணி நடுவில் வந்து நின்று புத்தகத்தைத் திறந்தார்.

“நவம்பர் பதினான்கு. இசபெல், இந்த வீட்டின் வாசல்காத்தவள்.”

குரல் கணீரென்று கூரைவரை போனது. சக்கர நாற்காலியில் இருந்தவரைத் தவிர எல்லாரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். கறுப்பு மொச்சை போட்டவர் யாரென்று எந்த முகத்திலும் தெரியவில்லை. மேலே மணி அடிக்கத் தொடங்கியது. மடத்தில் ஒரு சிஸ்டர் இறந்த அன்று அடிக்கிற மணி. ஆனால் அதைக் கேட்டு யாரும் தலைகுனியவில்லை; ஓர் இளம் சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தே விட்டார். பிரீத்தாவின் கன்னமெல்லாம் கண்ணீராய் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

“அடுத்தது,” என்று ஞானமணி தொடர்ந்தார், “மார்கரித், தலைவி. அவருக்காகவும் ஜெபிப்போம்.”

இது வாக்கெடுப்பில் இல்லாதது. மதர் அனஸ்டேசியா திரும்பிப் பார்த்தார். பிறகு முதல் ஆளாய் ஆமென் சொன்னார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், வாசிப்பதற்காக எழுந்த சிஸ்டரை மதர் கைகாட்டி உட்கார வைத்தார். “இன்று பேசிக்கொள்ளலாம்.” அவ்வளவுதான். கூடம் முழுவதும் ஒரே சத்தம். இசபெல்லுக்கு என்ன வயது, எந்த ஊர், அந்தத் தம்பி பிழைத்தானா என்று நாலாபக்கமிருந்தும் பிரீத்தாவிடம் கேள்விகள். ஞானமணி பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து அவள் தட்டில் ரொட்டியை வைத்தார்.

“முதல்லேருந்து சொல்லுங்க,” என்றார். “ஒண்ணையும் விடாம.”