ராணிக்கு யாருடைய குரல்

1

"அன்னைக்கு நீ என்னைப் பாத்தியா, கேட்டியா?"

1958இல் செல்லக்கிளி என்னிடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் கொட்டகை போட்டிருந்த சங்கீத நாடகக் கம்பெனியின் கதாநாயகி அவள், வயது இருபது. நான் ரோசரி, ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். தென்னூரில் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் என் நோட்டுகள் இருந்தன.

முதலில் இப்படித் தொடங்கினேன்: காவிரியில் அன்று வெள்ளம் புரண்டு

(இல்லை. இந்த ஊரில் எல்லாரும் காவிரியில்தான் தொடங்குகிறார்கள். அடித்துவிட்டேன்.)

2

என் அண்ணன் அமிர்தராஜ் ஒரு வாரப் பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதுவார். அதாவது, இரண்டு பாஸ் வாங்கி என்னையும் கூட்டிப்போவார். இரண்டாம் காட்சியில் தூங்கிவிடுவார். வீட்டுக்கு வந்து நான் எழுதுவேன். அவர் பெயரில் வரும். கடைக்காரரிடம் உப்பு கேட்கவே நாக்கு எழாதவளுக்கு நல்ல ஏற்பாடு.

செல்லக்கிளியைப் பற்றி மூன்று முறை எழுதினேன். தயிர்க்காரி வேஷத்தில், அவள் தலையில் இல்லாத பானை நம் கழுத்தில் கனக்கிறது என்றேன். இளவரசி வேஷத்தில், அழும்போது கண்ணைத் துடைக்காமல் விட்ட துணிச்சலைப் பாராட்டினேன். இரண்டையும் இன்றும் மாற்ற மாட்டேன். மூன்றாவது, கண் தெரியாத ராணி. 'இந்தக் குரலின் ஆழம் இதுவரை அவரிடம் நாம் கேட்காதது' என்று எழுதினேன்.

கேட்டிருக்க முடியாது. அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பக்கத் திரைக்குப் பின்னால், ஆர்மோனியத்தின் அருகே உட்கார்ந்து கம்பெனியின் மூத்த பாடகி மயிலம்மாள் பாட, இவள் வாயசைத்திருக்கிறாள். இதற்குப் பின்பாட்டு என்று பெயர். கம்பெனிகளில் வழக்கம்தான். நாடக விமர்சகருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. (எங்கள் வீட்டு விமர்சகருக்குத் தெரியும். தூங்கிக்கொண்டிருந்தார்.)

3

பத்திரிகை வந்த வாரமே செல்லக்கிளி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சார், நீங்க எழுதுனதை முதலாளி நோட்டீஸ்ல அடிச்சிட்டாரு. இனிமே ராணிக்கு மயிலக்காதான் பாடணுமாம். தொண்டை சரியாயிடுச்சுன்னு சொன்னா, 'நீ வாயை மட்டும் அசை, பேப்பர்லயே போட்டுட்டான்'ங்கறாரு."

அண்ணன் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "நான் இல்லீங்க. அதுதான் எழுதுச்சு."

"இந்தக் குட்டியா?"

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ரெண்டும்தாங்க்கா" என்றேன்.

"நல்லாக் கேட்ட போ! பன்னெண்டு வயசுல பாடத்தான் கம்பெனிக்கு வந்தேன். வாயசைக்கவா வந்தேன்? இப்பக் கேளு."

அடுப்படி நிலையில் சாய்ந்து, ராணியின் பாட்டை முழுதாகப் பாடினாள்.

4

இங்கே செல்லக்கிளியின் குரலே பெரியது என்று எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தேன். உண்மை அதுவல்ல.

அன்றும் வாயால் சொல்ல வரவில்லை. நோட்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன்:

'சென்ற முறை பாடியவர் மயிலம்மாள். அவர் குரல் பெரியது. செல்லக்கிளியின் குரல் சிறியது. ஆனால் ராணிக்குக் கண் தெரியாது. போகும் வழி மயிலம்மாளின் குரலுக்கு முன்பே தெரிகிறது. செல்லக்கிளியின் குரல் ஒவ்வொரு படியையும் தடவிப் பார்த்து இறங்குகிறது. ராணி பாட வேண்டியது இந்தக் குரலில்தான்.'

நான் எழுதியதிலேயே சிறந்த பத்தி அது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"சிறியதுன்னு இருக்கே, அதை எடுத்துடேன்" என்றாள்.

"அதை எடுத்தா மிச்சம் பொய்யாயிடும்க்கா."

"நான் வாயசைச்சது ஊருக்கே தெரிஞ்சிடுமேடி."

"நீங்க சொன்னாத்தான் பத்திரிகைக்கு அனுப்புவேன்."

அண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று முடிக்கலாம்; அண்ணனுக்குப் பிடிக்கும். தாளைக் கசக்கி அடுப்பில் போட்டாள் என்று முடிக்கலாம்; கொட்டகையில் கைதட்டுவார்கள். இரண்டும் நடக்கவில்லை.

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் போகும். அந்தத் தாள் ஆற்றில் விழுந்ததா, முதலாளியின் கைக்குப் போனதா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மேலே இருப்பது மனத்திலிருந்து எழுதியது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் இன்னொரு முறை படித்தாள். 'சிறியது' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு தாளை நோட்டிலிருந்து ஓரம் பிசகாமல் கிழித்து, நான்காக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்தாள்.