சருவம் நிறைய மணியோசை

இஞ்ஞாசி தம் மகன் பந்து பிடிப்பதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. பிரைட்டன் முட்டத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கோயில் பங்கின் கால்பந்து அணிக்குக் கோல் காத்த காலத்தில் தகப்பன் கடலில் இருந்தார். மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய், அங்கே நம் கரைப் பிள்ளைகள் சேர்ந்து அமைத்த அணியில் ஆடத் தொடங்கிய பிறகு, கடலே இருவருக்கும் நடுவில் வந்து கிடந்தது. ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் பிரைட்டன் தொலைபேசியில் அழைப்பான்.

"அப்பா, ஆட்டம் எப்பிடின்னு அறிஞ்சியளா?"

"கேட்டேன் மக்கா. நல்லா பிடிச்சியாம்லா."

அவ்வளவுதான். கேட்டேன் என்று சொல்லிச் சொல்லி அந்த மனிதருக்கு அந்தச் சொல்லே கசந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரனான எனக்கு அது நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டில் பிரைட்டனின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டத்தை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பப் போகிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது. குளச்சலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கும் இஞ்ஞாசியின் மகள் ஷிஜி அன்றைக்கே இடுப்பில் முந்தானையைச் செருகிவிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவாதியும். உங்க மொவன் நம்ம டிவியில வருவான்."

பிரைட்டன் விட்டுச் சென்ற பழைய கம்ப்யூட்டர் உள்ளறையில் துணி மூடிக் கிடந்தது. அதை அவள் கூடத்துக்குத் தூக்கி வந்து தூசி தட்டி, பெரிய டிவிக்குக் கீழே அமர்த்தினாள். கோட்டாற்றில் வாங்கிவந்த தட்டையான ஒயரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரிலும் மறு முனையை டிவியின் முதுகிலும் செருகினாள். மோடத்திலிருந்து நேராக ஒரு கேபிளை இழுத்துக் கொடுத்தாள். பிரைட்டன் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தனுப்பிய விரல் நீளக் குச்சி ஒன்றும் இருந்தது. டிவியில் செருகினால் கம்ப்யூட்டர் இல்லாமலே படம் காட்டுமாம். "ஒண்ணு சதிச்சா மத்தது இருக்கட்டும்" என்று அதையும் டிவியின் இன்னொரு துளையில் செருகி வைத்தாள்.

புதன்கிழமை மஸ்கட்டிலிருந்து சோதனை ஒளிபரப்பு வந்தது. விளக்குப் போட்ட ஒரு மணல் மைதானம். ஆள் யாரும் இல்லை. கோல் கம்பத்தின் குறுக்கே ஒரு பூனை நிதானமாக நடந்து போயிற்று. இஞ்ஞாசி நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார்.

"ஏட்டி செசிலி! ஓடி வா! மஸ்கட்டுப் பூனை! இப்பம் நடக்குது, இந்த நிமிசம் நடக்குது!"

அவர் மனைவி செசிலி மீன் கழுவிய கையோடு வந்து பார்த்தாள். "பூனைக்கே இந்தச் சாட்டம்னா, மொவன் வந்தா மனுசன் டிவிக்குள்ள ஏறிருவாரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நெத்தோலி மீன்பாடு நன்றாக இருந்த நாள். கரையில் எல்லா வள்ளங்களும் கிளம்பிப் போயிருந்தன. இஞ்ஞாசியின் வள்ளம் மட்டும் மணலில் கிடந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, திருநாளுக்குப் போவதுபோல் தலை வாரியிருந்தார். சாயங்காலத்துக்குள் தெருவே அவர் வீட்டுக் கூடத்தில் கூடிவிட்டது. எதிர்வீட்டு வியாகுலம்மாள் முன்வரிசையில் இடம் பிடித்தாள். அவள் மகனும் மஸ்கட்டில்தான். மைதானத்தில் நின்று ஆட்டம் பார்க்கப் போகிறவன்.

ஷிஜி டிவியைப் போட்டாள். நீலத்திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்துகள் மட்டும் மிதந்தன.

அவள் சிரித்தாள், ரிமோட்டில் வழி மாற்றினாள். சிக்னல் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, விளக்கும் எரிந்தது, படம் வரவில்லை. அவள் சிரிப்பு குறைந்தது. குச்சியின் பக்கம் மாற்றினாள். அங்கேயும் சிக்னல் இல்லை. மோடத்தில் கேபிளுக்கான விளக்கும் அணைந்து கிடந்தது.

"ஒரே நாள்ல மூணும் எப்பிடிச் சாவும்?" என்று அவள் முணுமுணுத்தாள்.

"மஸ்கட்டுல ஆட்டம் தொடங்கியாச்சாம்," என்று வியாகுலம்மாள் கைபேசியைப் பார்த்து அறிவித்தாள். "நம்ம இங்கின நீலக்கடல் பாத்துட்டு இருக்கோம்."

இஞ்ஞாசி சன்னலுக்கு வெளியே வள்ளம் மணலில் கிடப்பதையும் நீலத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஷிஜி டிவியின் பின்னால் கைவிட்டு ஒயரின் முனையை உருவினாள். உருவிய கையை வெளியே எடுத்து விளக்கொளியில் பிடித்தாள். ஐந்து விரலும் கறுத்து மின்னின.

"அப்பா… இது என்னது?"

"கிரீசு," என்றார் இஞ்ஞாசி, சற்றுப் பெருமையாக. "நேத்தைக்கு நான்தான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டேன். சன்னல் பக்கம்லா வச்சிருக்கிய? உப்புக்காத்து தின்னுராதா? எஞ்சினுக்குப் போடுத அதே கிரீசுதான். ஒரு ஓட்டையும் விடல்ல."

கூடம் இடிந்து விழுந்ததுபோல் சிரித்தது. எங்கள் கரையில் இதை விளங்கிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. இரும்பென்று எது வீட்டுக்குள் வந்தாலும் உப்பு அதைத் தேடி வந்துவிடும். இஞ்ஞாசி வீட்டில் சன்னல் கொக்கிக்கும் கிரீஸ், சைக்கிளுக்கும் கிரீஸ், செசிலியின் தையல் மெஷினுக்கும் கிரீஸ்; அந்த வீட்டில் தைத்த எந்த வெள்ளைத் துணியிலும் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். கடலுக்குப் போகும் முன் எஞ்சினின் ஒவ்வொரு மூட்டுக்கும் அப்படிப் பூசித்தான் அவர் இத்தனை காலம் உயிரோடு கரை திரும்பியிருக்கிறார். ஆனால் மணலும் துருப்பொடியும் கலந்த அந்தப் பழைய கிரீஸ், தலைமுடி போன்ற கம்பிகள் நெருங்கி நிற்கும் அந்தச் சின்னத் துளைகளுக்குள் களிமண்போல் அப்பிக் கிடந்தது.

"நல்லவேளை, மனுசன் டிவி கண்ணாடிக்குப் போடல்ல," என்றாள் வியாகுலம்மாள்.

இஞ்ஞாசியின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாய் திறந்தேன். பள்ளி வாத்தியார் வேலையை விட்டு வந்த பிறகும் கதை சொல்லும் பழக்கம் மட்டும் என்னிடமிருந்து ஓய்வு பெறவில்லை.

"ஒரு ஊரில் ஒரு சங்கு நண்டு இருந்தது. தன் சங்கின்மேல் அதற்கு அவ்வளவு பிரியம். அலை வந்து சங்கைக் கெடுத்துவிடக் கூடாதென்று, இரை தேடப் போகும்போது சங்கின் வாயைச் சேற்றால் இறுக அடைத்துவிட்டுப் போனது. திரும்பி வந்து பார்த்தால்…"

"சாரே," என்றாள் ஷிஜி, "கதை பெறவு. இந்த டார்ச்சைப் பிடியுங்க."

பிடித்தேன்.

அவள் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தினாள். பழைய துணியாலும் ஈர்க்குச்சியாலும் கிரீஸை வழித்தெடுத்தாள். வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது. "ஸ்பிரிட் வேணும். துடைச்சதும் காஞ்சிரணும். தண்ணி ஆவாது, மண்ணெண்ணெய் ஆவவே ஆவாது" என்றாள். மருந்துக்கடை வரை போய்வர ஆட்டம் முடிந்துவிடும். அப்போது வியாகுலம்மாள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தங்க மூடி போட்ட ஒரு செண்டுக் குப்பி இருந்தது. மகன் முதல் விடுமுறையில் கொண்டுவந்தது. பங்குத் திருநாளுக்கென்று அலமாரியில் பூட்டி வைத்திருந்தது.

"இதுல ஸ்பிரிட்டுதானே கெடக்கு? மணம்தான் கொஞ்சம் கூடுதல்."

"அக்கா, இது வெல கூடினதுல்லா?"

"வெல பாக்கியதுக்கு நேரமாட்டி இது? அடி!"

ஷிஜி பஞ்சில் செண்டை அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தாள். இஞ்ஞாசி விசிறி மட்டையால் வீசி உலர்த்தினார். கூடம் முழுவதும் கலியாண வீடுபோல் மணத்தது. வீசிக்கொண்டே அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சாரே, அந்த நண்டு பெறவு என்ன ஆச்சு?"

நான் நினைத்து வைத்திருந்த முடிவு வேறு. அதில் ஒரு கண்டிப்பு இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை மாற்றிக்கொண்டேன். "அக்கம்பக்கத்து நண்டெல்லாம் வந்து சேற்றைச் சுரண்டிக் கொடுத்தன" என்றேன்.

"கொள்ளாம்," என்றார், முன்னிலும் வேகமாக வீசினார்.

ஷிஜி மின்சாரத்தைப் போட்டாள். மோடத்தின் விளக்கு கண் சிமிட்டியது. திரை கறுத்து, நடுங்கி, திடீரென்று வெளிச்சமும் வண்ணமுமாய் விரிந்தது. மணல் மைதானம், ஓடும் கால்கள், ஆரவாரம்! அந்தக் கோடியில், கோல் கம்பங்களுக்கு நடுவே, மஞ்சள் சட்டையில் பிரைட்டன்!

"எம் பிள்ள!" என்று செசிலி அலறினாள். இஞ்ஞாசி எழுந்து நின்றவர் பிறகு உட்காரவே இல்லை.

நம் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. பந்து நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தபோது வியாகுலம்மாளின் கைபேசி அடித்தது. காதில் வைத்தவள், "அய்யோ! கோல் வாங்கியாச்சாம்!" என்றாள்.

"எங்க? பந்து நடுவுலல்லா கெடக்கு?" என்றார் இஞ்ஞாசி.

அவர் கேட்டு முடித்த சிறிது நேரத்தில் திரையில் எதிரணிக்காரன் ஓடி வந்தான், உதைத்தான், பந்து வலைக்குள் புகுந்தது.

"படம் பிந்தித்தான் வரும் அப்பா," என்றாள் ஷிஜி. "அங்க நடந்து, நெட்டுல ஏறி, இங்க எறங்கணும். போன்தான் முந்தும்."

இஞ்ஞாசி திரும்பினார். "இதையும் நான் கேட்டுத்தான் அறியணுமா? வேண்டாம். ஒருத்தரும் போன் எடுக்கப்பிடாது. செசிலி, அந்தச் சருவத்தை எடு!"

மீன் விற்கப் போகும்போது செசிலி தலையில் சுமக்கும் அலுமினியச் சருவம் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கைபேசிகளை அதற்குள் போட்டோம். வியாகுலம்மாள் கடைசியாகப் போட்டாள். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துபவளைப்போல் மெல்லப் போட்டாள்.

ஆட்டம் சமனாக முடிந்தது. பெனால்டி. அந்த நேரம் பார்த்துப் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுழலத் தொடங்கியது. கூடம் பதைத்தது. ஷிஜி சருவத்தைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம வைஃபை பாஸ்வேர்டை யாருக்கெல்லாம் சொல்லிக் குடுத்திய?"

"கேட்டவங்களுக்கு இல்லண்ணா சொல்லுவேன்?"

"இதுல கெடக்குத அம்புட்டு போனும் நம்ம நெட்டைத்தான் குடிக்குது!"

அவள் மோடத்தில் வைஃபையை மட்டும் நிறுத்தினாள். கம்ப்யூட்டர் கேபிளில் இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை. வட்டம் நின்றது, படம் ஓடியது. இரு பக்கமும் மாறி மாறி உதைத்தார்கள். கடைசி உதை எதிரணிக்கு. பிரைட்டன் தடுத்துவிட்டால் கோப்பை நமக்கு; விட்டால் ஆட்டம் இன்னும் நீளும்.

எதிரணிக்காரன் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான். பிரைட்டன் கைகளைத் தட்டிக்கொண்டு கோட்டில் நின்றான்.

அப்போது சருவம் அடித்தது.

ஒன்று, அதன்மேல் ஒன்று, பிறகு அத்தனையும். அலுமினியத்தில் கைபேசிகள் துடித்த துடிப்பில் சருவமே தரையில் நகர்ந்தது. மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, கோழி கூவல், கோயில் மணி என்று எல்லா ஒலியும் ஒன்றாகப் பொங்கியது. மஸ்கட்டில் ஏதோ நடந்து முடிந்துவிட்டது! ஆனால் என்ன? வென்றதற்கும் அழைப்பார்கள், தோற்றதற்கும் அழைப்பார்கள். வியாகுலம்மாளின் கை தானாக நீண்டது.

"தொடாத!" என்று இஞ்ஞாசி கர்ஜித்தார். அவள் நீண்ட கையைத் தன் மற்ற கையால் பிடித்துக்கொண்டாள்.

திரையில் உதைக்க வேண்டியவன் இன்னும் ஓடி வரவில்லை. செசிலி செபமாலையை இறுக்கினாள். நடந்து முடிந்த ஒன்றுக்காக அவள் மன்றாடினாள், நானும் மன்றாடினேன். எதிரணிக்காரன் பின்னால் போனான், நின்றான், ஓடி வந்தான்.

"மக்கா, விடாத! விடாதலே!" என்று இஞ்ஞாசி கடலுக்கு அப்பால் கேட்கும்படி கூவினார்.

பந்து வலது மூலைக்குப் பறந்தது. பிரைட்டன் அதைவிட நீளமாகப் பறந்தான். விரல் நுனி பட்டது. பந்து கம்பத்தில் மோதி வெளியே தெறித்தது.

அதன்பின் அந்தக் கூடத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று என்னால் எழுத முடியாது. வியாகுலம்மாள் மிச்சமிருந்த செண்டை எல்லோர் தலையிலும் அடித்தாள். ஷிஜி கறுத்த கையோடு தகப்பனின் தோளைப் பற்றியதில் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. திரையில் மகனைத் தோளில் தூக்கிச் சுற்றுகிறார்கள். அவன் கேமராப் பக்கம் திரும்பிக் கையசைக்கிறான். இவர் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் ஓய்ந்திருந்த சருவத்துக்குள் ஒரே ஒரு கைபேசி மட்டும் மறுபடி அடித்தது. இஞ்ஞாசியுடையது. அவர் குனிந்து, மீன் மணமும் செண்டு மணமும் கலந்து வீசிய அந்தக் குவியலுக்குள் தேடி எடுத்துக் காதில் வைத்தார். மூச்சு வாங்கும் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, அறிஞ்சியளா? யாரும் சொன்னாவளா?"

இஞ்ஞாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருத்தரையும் சொல்ல விடல்ல மக்கா," என்றார். "நான் பாத்தேன்."