மஞ்சள் விளக்கைப் பற்றிச் சின்னத்தாய் சொன்னது

1

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் நீங்கள், அதை வைத்து ஒரு கதை எழுதித் தாருங்களேன் என்று சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டார். எட்டு மாதமாக ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். கதையாக எழுதினால் சொன்ன மாதிரியும் ஆகும், சொல்லாத மாதிரியும் ஆகும் என்று தோன்றியது. இந்தக் கதை பிறந்தது அந்த ஆசையில்தான். அது நல்ல ஆசை இல்லை.

முதல் தொடக்கம்:

"உள்ளங்கை அகலமே உள்ள அந்தப் பெட்டியை ராம்கி தன் பிள்ளையைப் போல"

(இதோடு விட்டேன். ராம்கி அதை ஒரு தடவைகூடத் தூசி தட்டியதில்லை.)

இரண்டாம் தொடக்கம்:

"பெட்டி செத்துப்போனது ஒரு வெள்ளிக்கிழமை."

(பெட்டி தானாகச் சாவதில்லை. யாரோ எதையோ செய்கிறார்கள். அதன் பிறகு அது எழுவதில்லை.)

அலங்காரத்தை விட்டுவிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

2

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே தடுப்பூசி மருந்து வைக்கும் ஒரு ஃபிரிட்ஜ். மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். தாண்டினால் கம்பவுண்டருடைய செல்லுக்குச் செய்தி போகும். அனுப்புவது அந்தப் பெட்டி. உள்ளே ஏஆர்எம் என்ற வகைச் சிப்பு, அதில் லினக்ஸ். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முகத்தில் ஒரே ஒரு விளக்கு: பச்சை என்றால் நன்றாக ஓடுகிறது, மஞ்சள் என்றால் எழுந்திருக்கவில்லை.

2009 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மதுரை ஆனையூரில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி, டெலிபோன் லைன் வழியாக, பெட்டியைச் செய்து கொடுத்த ராம்கி அதன் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். கடைசியில் ரீபூட் கொடுத்தான். பெட்டி பதில் சொல்லவில்லை. லைன் கட்டாகியிருக்கும் என்று நினைத்து டீ குடிக்கப் போனான்.

சனிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் வந்தபோது ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் புகைந்துவிட்டது. செய்தி போகவில்லை. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை திறந்தபோது உள்ளே இருபத்தொன்பது டிகிரி. நாய்க்கடி மருந்து முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

மதியம் அறக்கட்டளைச் செயலாளர் வெங்கடசுப்பிரமணியன், ராம்கி உட்பட எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். குரலை உயர்த்தாமலே நடுங்க வைக்கிறவர். அறையைப் பெருக்கித் துடைக்கும் சின்னத்தாய் தானாகவே முன்னால் வந்தாள்.

"சனிக்கெழம செல்லுக்குச் சார்ஜு போட அந்தப் பொட்டி ஒயரப் புடுங்கினேங்கய்யா. அஞ்சு நிமிசந்தான். திருப்பி மாட்டிட்டேன்."

செயலாளர் ராம்கியைப் பார்த்தார். "அதனாலதானா?"

"இருக்கலாம் சார்" என்றான் ராம்கி.

மறுநாளிலிருந்து சின்னத்தாய் வேலைக்கு இல்லை. ராம்கி பெட்டியை மதுரைக்கு எடுத்துவந்து திறந்து, சீரியல் கேபிளை மாட்டி, அது பேசுவதைத் தன் கம்ப்யூட்டரில் படித்தான். லினக்ஸின் கருவான கெர்னல் எழுந்தது, டிஸ்க்கைத் திறந்தது, முதல் புரோகிராமைக் கூப்பிட்டது, அங்கேயே விழுந்தது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக இன்ஸ்டால் செய்தான். விளக்கு பச்சையானது.

(முதல் பிரதி இவ்வளவுதான். விளக்கு பச்சையாவதோடு கதையை முடித்திருந்தேன். நன்றாக வந்திருப்பதாகவும் நினைத்தேன்.)

3

ஒரு சந்தேகம். மருந்து கொட்டப்பட்ட அதே திங்கட்கிழமை, வெறிநாய் கடித்து ஆடு மேய்க்கும் வீரணன் என்பவர் வந்தார். கெண்டைக்காலில் நாலு பல். கதையில் அவரைச் சாகவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கனமாக இருக்கும். வாசகர் மறக்க மாட்டார்.

உண்மையில் அவரை ஒரு ஷேர் ஆட்டோவில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். என் கதைக்கு எடை கூட்ட ஒரு மனிதரைக் கொல்ல இருந்தேன். அது மட்டுமில்லை. அவர் செத்தால் எல்லோரும் அவரைத்தான் நினைப்பார்கள், சின்னத்தாயை யாரும் நினைக்க மாட்டார்கள். அதற்காகவும்தான் எனக்கு அந்தச் சாவு

(முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

பிரதியை என் மனைவி ஹம்சவேணியிடம் கொடுத்தேன். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள். (நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவள் குரலில் இருந்த கூர் இதில் கொஞ்சம் மழுங்கியிருக்கும்.)

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே படித்தாள். பாதியில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒயரப் புடுங்கினா டிஸ்க்குதான கெடும்?"

"ஆமா."

"இங்க டிஸ்க்க நல்லாத் திறந்திருக்கே. மொத புரோகிராம்லதானே விழுந்திருக்கு. பழைய கெர்னலுக்குப் புது புரோகிராம் புரியல. இது சார்ஜர் பண்ற வேலையில்ல. அப்கிரேடு பண்ணவன் பண்ண வேலை."

நறுக்கிய வெண்டைக்காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்கினேன்.

"அந்தப் பொம்பள ஒயரப் புடுங்கும்போது பெட்டி ஏற்கெனவே விழுந்துதான் கெடந்திருக்கு. உங்க ராம்கி இத எப்பத் தெரிஞ்சுக்கிட்டான்? விசாரணைக்கு முந்தியா, பிந்தியா?"

"கதையில பிந்திதான்."

"கதையத் திருப்பிப் படிக்க எனக்குத் தெரியும். நான் கேக்கிறது உங்கள."

கத்தியை எடுத்து மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள்.

5

ராம்கி என்று யாரும் இல்லை. என் பெயர் ஸ்ரீனிவாஸ். திங்கள் காலை பதினோரு மணிக்கே ஆஸ்பத்திரியில் வைத்துக் கேபிளை மாட்டிப் பார்த்துவிட்டேன். விசாரணை மூன்று மணிக்கு. நடுவில் நான்கு மணி நேரம் எனக்குத் தெரிந்திருந்தது.

பழைய வகை ஏஆர்எம் லினக்ஸிலிருந்து புதிய வகைக்கு அப்படியே தாவ முடியாது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று அந்தப் பதிப்பின் குறிப்பில் எழுதியிருந்தது. மூன்றாவது பத்தியில். நான் இரண்டு பத்தி படித்தேன்.

விசாரணையில் சின்னத்தாய் சொன்ன இன்னொரு வாக்கியத்தையும் முதல் பிரதியில் எழுதாமல் விட்டேன். அது இது:

"ஆனா ஐயா, நான் புடுங்குறதுக்கு முந்தியே மஞ்ச வெளக்குதான் எரிஞ்சுச்சு. தெனம் பச்சையா இருக்கும். அன்னைக்கு மஞ்சளா இருக்கேன்னு பாத்தேன்."

அந்த அறையில் என்னைத் தவிர உண்மையைக் கண்ணால் பார்த்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். செயலாளர் என் பக்கம் திரும்பினார். நான் "இருக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருந்தேன் அல்லவா? அது இரண்டாவதாகச் சொன்னது. முதலில் சொன்னது:

"கலர வச்செல்லாம் ஒண்ணும் சொல்ல முடியாது சார்."

விளக்கை வைத்ததே நான். கலரை வைத்துச் சொல்வதற்காகத்தான் வைத்தேன்.

6

அடுத்த பிரதி எழுதுவதற்கு முன்னால் சின்னத்தாயைத் தேடிப் போனேன். செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்கு வந்திருப்பதாகக் கம்பவுண்டர் சொன்னார். சந்துக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதை அடைத்தது. வாசலுக்கு வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி.

"என்னண்ணே, இங்கிட்டு வந்திருக்கீக?"

சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கும் குரலில் கத்த முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரு முனைவரை நடந்தோம். வெள்ளிக்கிழமை நான் செய்தது, கேபிளில் பார்த்தது, அறையில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

தலையிலிருந்து ஒரு பஞ்சிழையை எடுத்து விரலில் உருட்டினாள்.

"அப்ப நான் புடுங்கினதுல கெடலையா?"

"இல்ல. நீங்க புடுங்கினப்ப அது ஏற்கெனவே ஓடல. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எட்டு மாசமா எந்த பிளக்கையும் நான் தொடுறதில்லண்ணே. எம் மகதான் செல்லுக்குச் சார்ஜு போட்டுத் தருவா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த நாய்க்கடி ஆளு செத்துப்போயிருந்தா நான் கொன்னதாத்தான நெனச்சிருப்பேன்?"

தள்ளுவண்டி ஒன்று வர, இருவரும் சுவரோரம் ஒதுங்கினோம்.

"மஞ்சன்னு சொன்னேனே. எம்புட்டுத் தெளிவாச் சொன்னேன்."

"சொன்னீங்க."

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போகுது? அங்கன போயிச் சொல்லுங்க. அந்த ஐயா முன்னால."

"லெட்டர் எழுதிடுறேன்."

"லெட்டரு வேணாம். என்னைய எல்லாருக்கும் முன்னாலதான நிக்க வச்சுக் கேட்டாக? நானும் வாரேன். எம் முன்னால சொல்லுங்க."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அறக்கட்டளைக் கூட்டம். அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டாள்.

7

முடிவு என்று இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் செயலாளர் எழுந்து அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார், அவள் வேலைக்குத் திரும்புகிறாள். இன்னொன்றில் "எட்டு மாசம் ஆச்சு, இப்ப எதுக்கு இதக் கிளறிக்கிட்டு" என்று அவர் ஃபைலை மூடுகிறார், நான் வெளியே வந்து அவளுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன். இரண்டிலும் நான் கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறேன். குரல் உடைகிறது, ஆனாலும் சொல்லி முடிக்கிறேன். அந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கலங்கியதும் மனசு லேசாகிவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. இனி போகாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல இருந்தது.

இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

இன்று வியாழன். மணி ஏழு நாற்பது. எட்டே காலுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சின்னத்தாய் சொல்லியிருக்கிறாள். ஹம்சவேணி வாசலில் என் செருப்பை எடுத்து வைத்துவிட்டு நிற்கிறாள். இந்தப் பக்கங்களை இப்படியே அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி. கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்பதை இதில் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள். என்னைப் பற்றி நான் எப்படி எழுதுவேன் என்று இதற்குள் பார்த்துவிட்டீர்கள். செல்லூருக்குப் போய்ச் சின்னத்தாயிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.