குடைக்கும் விலங்கியலுக்கும் பொருத்தம் பார்த்த கதை

ஷஃபியுல்லா பி.எஸ்ஸி. பாஸ் செய்தது விலங்கியலில். அவனுடைய மாமா ஹனீஃபா கொழும்பில் வைத்திருந்தது குடைக் கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்று இலங்கை சர்க்கார் சொல்லும்வரை, இரண்டும் அதுபாட்டுக்குச் சௌக்கியமாகத்தான் இருந்தன.

நாற்பத்தொன்பதாம் வருஷக் கடைசி அது. முன்பெல்லாம் எழும்பூரில் போட் மெயில் ஏறிக் கண்ணை மூடினால் கொழும்பு. இப்போது விசா என்று ஒன்று புதிதாக முளைத்திருந்தது. அங்கே உள்ள முதலாளி தன் பொறுப்பில் ஆளைக் கூப்பிட வேண்டும். ஆள் படித்த படிப்பு அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த வேலையைச் செய்ய அந்த ஊரில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

விசா வராவிட்டால் வேலை போகும் என்பதுகூடப் பெரிதில்லை; ஷாகிரா போய்விடுவாள். ஹனீஃபா மாமாவின் மகள். சிறு வயதிலேயே பேசி வைத்த சம்பந்தம். மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஜனவரி பிறப்பதற்குள் மாப்பிள்ளை கொழும்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயே பேருவளையில் ஒரு ரத்தினக்கல் வியாபாரியின் மகன் தயாராக இருக்கிறான். அவன் எந்தப் படிப்பும் படித்தவனல்ல. ஆகையால் எந்தச் சிக்கலும் இல்லாதவன்.

ஷஃபியுல்லா நேரே வெள்ளைத்துரையிடம் போனான்.

மயிலாப்பூரில் வெள்ளைத்துரை நேற்றுவரை கல்யாணத் தரகர். விசா வந்த நாளிலிருந்து வெளிநாட்டு வேலைத் தரகர். தொழிலைத்தான் மாற்றினாரே தவிர, தொழில்முறையை மாற்றவில்லை. பட்டத்தை மாப்பிள்ளை என்றும் வேலையைப் பெண் என்றும் வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பார். பாட்டனி படித்த ஒருவனை வெற்றிலை மண்டிக்கும், கெமிஸ்ட்ரி படித்த ஒருவனை சர்பத் கடைக்கும் முடித்துவைத்த கைராசிக்காரர். ஒன்றுகூட இதுவரை பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

கச்சேரி ரோடு டீக்கடையில் அவர் கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணினார்.

"கணம் சரியா கீது. ராசி பரவால்ல. மிருகம்தான் இடிக்குது. ஏன் நைனா, குடைக்கு இன்னா மிருகம்?"

"குடைக்கு ஏதுங்க மிருகம்?"

"இன்னாப்பா, ரெண்டு வருசம் மிருகத்தப் பத்தியே படிச்சிட்டு என்னாண்ட கேக்குற? யோசி. கறுப்பா இருக்கணும். சொம்மா கெடக்கசொல்ல தலைகீழா தொங்கணும்."

ஷஃபியுல்லாவுக்குப் பொறி தட்டியது. "வௌவால்!"

"கரீட்டா புடிச்சான் பாரு!"

சொல்லிவிட்ட பிறகு அவனே அசந்துபோனான். வௌவாலின் இறக்கையில் விரலெலும்புகள் நீண்டிருக்கும். அவற்றின்மேல் தோல் இழுத்துக் கட்டியிருக்கும். குடையிலும் கம்பி, கம்பிமேல் துணி. கல்லூரியில் இதை எவனும் சொல்லித் தரவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அன்றே 'குடை அங்கவியல் நிபுணர்' என்று ஒரு வேலை உலகத்தில் உண்டாயிற்று. ஹனீஃபா மாமாவும் கொழும்பிலிருந்து, அப்படிப்பட்ட நிபுணர் இல்லாமல் தன் கடை தத்தளிப்பதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

"ஆபீஸ்ல கூப்புட்டா வெறுங்கையோட போவாத. தவள அறுப்பியே, அந்தப் பொட்டியக் கொண்டாந்துடு. ஆயுதம் இருந்தா ஒரு மரியாத" என்றார் வெள்ளைத்துரை.

தியாகராய நகரில் ஒரு மாடியில் இருந்தது விசா ஆபீஸ். கூப்பிட்ட அன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மனுக்களைச் சரிபார்க்கும் அதிகாரி வைத்தமாநிதி, மயிலாப்பூரிலிருந்து தொப்பல் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். திருமண் கரைந்து மூக்குவரை இறங்கியிருந்தது. கையில் ஒரு குடையும் இருந்தது. மூடியபடி.

மனுவைப் படித்தார். ஷஃபியுல்லாவைப் பார்த்தார். குடையைப் பார்த்தார்.

"நீர்தான் குடை நிபுணரோ?"

"ஆமாம் சார்."

"பெருமாளாப் பார்த்து அனுப்பியிருக்கார். ஆத்துலேர்ந்து கிளம்பறச்சே விரிக்கலாம்னு பார்க்கறேன், திறக்கமாட்டேங்கறது. என்னன்னு பாரும். சாயங்காலம் நான் இதுலதான் ஆத்துக்குப் போகணும். பார்த்துட்டீர்னா உம்ம விசாவையும் நான் பார்த்துடறேன்."

கூட வந்திருந்த வெள்ளைத்துரை வாசற்படியில் நின்று 'நடத்து' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

குடையை ஷஃபியுல்லா தன் வாழ்நாளில் பிடித்ததுண்டே தவிரப் பிரித்ததில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் தைரியம் வந்துவிட்டது. பரீட்சை மேஜைமுன் நிற்பதுபோல் இருந்தது. குடையை மல்லாக்கப் படுக்க வைத்தான். குண்டூசியால் நாலு பக்கமும் மேஜையோடு குத்தினான். நடுக்கோட்டில் ஆரம்பித்து, உள்ளே இருக்கும் உறுப்புக்குச் சேதமில்லாமல், துணியை ஒரே சீராக மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு போனான்.

"வெட்டணுமோ?" என்றார் வைத்தமாநிதி.

"தோலை எடுக்காம உள்ளே பார்க்க முடியாது சார்."

நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீஸ் முழுவதும் மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டது. ஷஃபியுல்லா கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக அடுக்கினான். இடுக்கியால் எதையோ பிடித்துத் தூக்கினான்.

"இது என்னது?"

"ஸ்பிரிங் சார். இன்னும் துடிக்குது பாருங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். துடித்தது.

"இதோ, இந்தக் கம்பி வளைஞ்சு இதுல மாட்டியிருக்கு. அதான் திறக்கலை." பென்சிலை எடுத்து ஒரு படமும் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுக் கொடுத்தான். அழகான படம். வைத்தமாநிதி அதைத் தள்ளிப் பிடித்து ரசித்தார்.

"பேஷ்! இனிமே சேர்த்துடும்."

ஷஃபியுல்லா விழித்தான். "சேர்க்கணுமா சார்?"

"பின்னே?"

"சேர்க்கிறது எங்க பாடத்திலேயே கிடையாது சார். அறுத்த தவளையைத் தைச்சுக் குடுன்னு எந்தப் புரொபஸரும் கேட்டதில்லை."

வைத்தமாநிதி தன் குடையைப் பார்த்தார். மேஜையில் அது ஏதோ பெரிய பறவையை யாரோ சாப்பிட்டு முடித்த இலைபோலக் கிடந்தது.

"ஓய், இது எங்க மாமனார் தலைதீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த குடை."

ஷஃபியுல்லாவின் கண்முன்னே ஷாகிரா பேருவளைக்குப் போகும் காரில் ஏறிக்கொண்டிருந்தாள். கையில் குடை வேறு. வாசற்படியில் வெள்ளைத்துரை இல்லை. தெருவில் இறங்கி நடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இந்த வேலை இல்லாட்டி எனக்குக் கல்யாணம் நின்னுடும் சார்."

வைத்தமாநிதி நீதி தவறாத மனிதர். கோபத்தில் கையெழுத்துப் போடுவதுமில்லை, கோபத்தில் மறுப்பதுமில்லை. சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"படிப்பு வேலைக்குப் பொருந்தறதா? பொருந்தறது. கண்ணாலே பார்த்தேன். முதலாளி பொறுப்பு ஏத்துண்டிருக்காரா? ஏத்துண்டிருக்கார், பாவம். கடைசி ஒண்ணு. இவன் செய்யற வேலையைச் செய்ய அந்த ஊர்ல வேற ஆள் உண்டா?" நிமிர்ந்தார். "ஏன் காணும், ஒரு குடையை இந்தக் கதிக்கு ஆளாக்கறதுக்குக் கொழும்புல இன்னொருத்தன் இருப்பான்னு நினைக்கறீரோ?"

ஷஃபியுல்லா உண்மையைச் சொன்னான். "இருக்க மாட்டான் சார்."

"நானும் அப்படித்தான் நினைக்கறேன்" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். ஸ்பிரிங் ஒருமுறை துள்ளி விழுந்தது. "ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த மழைக்குள்ளே நீர் இந்த ஊரை விட்டுப் போயிருக்கணும்."

பனகல் பார்க் ஓரம் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்ற வெள்ளைத்துரை, தூரத்தில் ஷஃபியுல்லா நனைந்துகொண்டே ஓடி வருவதையும் அவன் சிரிப்பதையும் பார்த்துவிட்டு, தரகு விஷயம் நினைவுக்கு வந்தவராக எதிர்கொண்டு போனார்.

"நான் சொன்னேனா இல்லியா? மிருகப் பொருத்தம் அமைஞ்சா எல்லாம் அமைஞ்ச மாரி. ஆமா, அந்த ஐயரு மொகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சிச்சே, எப்புடி குட்தாரு?"

"அடுத்த மழைக்குள்ள ஊரை விட்டுப் போகச் சொன்னார்."

"கொயும்புல மய எப்புடி?"

"வருஷம் பூரா பெய்யும்."

வெள்ளைத்துரை சற்று யோசித்தார். "அத்த அவராண்ட சொல்லிடலியே?"

"இல்லை."

"மாமனாராண்டயும் இந்தக் கொட அறுத்த கதைய சொல்லிடாத. நிக்காஹ் முடியட்டும்."