நாலு டயரும் ஒரு பட்டப்பெயரும்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. குறிஞ்சிப்பிட்டி லத்தீப் நானா* தானே வீடு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி ஆறும்வரை தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: "நீங்க கதை எழுதுற ஆள்தானே. இத எழுதுங்க. பேர மட்டும் மாத்துங்க. முத்தலிபு வாசிச்சா விளங்கிக்குவான்."

முத்தலிபு அவருடைய ஜீப்பை ஓட்டியவர்.

* மாற்றிய பெயர். முத்தலிபும் அப்படியே. 'நானா' என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

2

முதல் தொடக்கம்: "நாற்சில்லு இயக்க வாகனங்களின் எரிபொருள் செலவைத் தீர்மானிப்பதில் டயருக்குப் பெரும்

(விட்டுவிட்டேன். வெட்கத்துக்குக் கட்டுரைச் சட்டை பொருந்தவில்லை.)

இரண்டாவது: நாட்டில் சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கக் கல்பிட்டிக்கு வரத் தொடங்கிய காலம். லத்தீப் தன் ஜீப்புக்குக் கட்டை கட்டையாகப் பல் வைத்த பெரிய டயர்கள் போட்டார். மணலுக்கென்று சொன்னாலும் பாதி ஊருக்கு எடுப்புக் காட்டத்தான். அந்த மாதமே டீசல் செலவு ஏறியது. மீட்டரில் ஓடிய தூரமோ இறங்கியது.

 உயரமான டயர் குறைவாகச் சுற்றியே அதே தூரத்தைக் கடந்துவிடும். மீட்டர் எண்ணுவது சுற்றைத்தான். டயரின் பாரமும் பல்லும் டீசலைக் குடிக்கும். இது முத்தலிபுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லித் தப்பியிருப்பார்.

3

ஜும்ஆ முடிந்து சனம் செருப்புத் தேடுகிற நேரம், பள்ளிவாசல் முற்றத்தில் வைத்து லத்தீப் கேட்டார்.

"டீசல் எங்கடா போகுது?"

"வல்லாஹி நான் தொடல்ல நானா."

"தொண்ணூறுல வெறுங்கையோட வந்தவனுக்குச் சத்தியம் லேசுதான்."

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வந்த மனிதர் முத்தலிபு. (தான் சொன்ன அந்த வரியைக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா என்று லத்தீப் கேட்டார். முடியாது என்றேன்.)

முத்தலிபு சாவியை மதிலில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் "டீசல்". பள்ளிக்கூடத்தில் அவர் மகள் சப்னா "டீசல்ட மகள்".

4

பிறகு லத்தீப் தானே ஓட்டினார். இனிக் களவு இல்லை என்ற துணிவில் பழைய கணக்குக்கே டீசல் அடித்து, தலவில தேவாலயத் திருநாளுக்குப் புத்தளத்திலிருந்து ஆளேற்றிப் போனார். நுரைச்சோலை தாண்டவில்லை, ஜீப் வறண்டு நின்றது. சனம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி நடந்தது. அந்த டீசலைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். வெயிலில் நின்று டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் கோழி அடைகாத்த பழைய டயர்களை எடுத்து மாட்டி ஓடிப் பார்த்தார். கணக்குச் சரியாக வந்தது.

"உடம்பே கூசிப் போச்சு," என்றார் என்னிடம். அவர் வெட்கம் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்ல வந்தது என் வீட்டுக்கு.

5

முடிவு அ: முத்தலிபு இந்தக் கதையை வாசித்து, ஓடிவந்து, இருவரும் கட்டிப்பிடித்து… (அவர் பேப்பரே வாங்குவதில்லை.)

முடிவு ஆ: லத்தீப் ஒருநாள் யாரும் பார்க்காத நேரமாய்ப் போய் ஜீப் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். (கேட்டது ஊரறிய. கொடுப்பது ஒளித்தா?)

முடிவு இ: ஜும்ஆ முடிந்து சனம் செருப்புத் தேடுகிற நேரம், அதே முற்றத்தில் லத்தீப் நின்று

இதை முடிக்க எனக்கு இரண்டு வரி போதும். எழுதிவிட்டால் அவர் தான் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். அதனால் எழுதவில்லை. தாளை அப்படியே அவர் கையில் கொடுத்தேன். மடித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பெயர்களை மாற்றினேன். பட்டப்பெயரை என்னால் மாற்ற முடியவில்லை; அது ஊர் வைத்தது. நீங்கள் கல்பிட்டிப் பக்கம் போகும்போது யாரையாவது "டீசல்" என்று கூப்பிடுவது காதில் விழுந்தால், லத்தீப்பின் சட்டைப் பையில் அந்த வரி இன்னும் பாதியில்தான் நிற்கிறது.